அப்பாவின் படகும் அட்டைப் படகும்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக உறவினர்கள் சிலர், "போருக்குப் போயி செயிச்சு வந்தவுக, அதைப் பெருசா எழுதும்மா" என்றார்கள். அந்தப் பேச்சே அப்பாவுக்கு அருவருப்பு. மகளாக நான் அறிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அச்சங்குளத்தில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. கடற்படையில் சேரும்வரை கடலைப் பார்த்ததில்லை. அதிவேகமாகப் போகும் சிறிய போர்ப்படகு ஒன்றில் இன்ஜின் பார்த்தார். கரையோரமாகப் பாய்ந்து சென்று, எதிரியின் பெரிய கப்பலைத் தாக்கிவிட்டு உடனே திரும்புவதுதான் அந்தப் படகின் வேலை. டீசல் புகையில் வாந்தி எடுத்தபடியே பணியாற்றியதை மட்டும் எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஓய்வுபெற்றதும் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஜெனரேட்டர் பார்க்கச் சேர்ந்தார். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி சீசனுக்காக முதலாளி புதுச் சரக்கு ஒன்றைச் செய்தார். அட்டைப் படகு தண்ணீரில் சீறிப் போய்க் காகிதக் கப்பலை எரிக்கும். ஆனைக்குட்டம் அணையில் அதை விட்டுப் பார்த்தபோது நானும் உடனிருந்தேன். கப்பல் தீப்பற்றியதும் எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி பெட்டியை எடுத்து நீட்டினார். அதன்மேல் சீருடையில் அப்பாவின் முகம். பாராட்டு விழாவுக்கென்று முதலாளி அம்மாவிடம் கேட்டு வாங்கிப்போன படம் அது.

"அங்கன அந்தக் கப்பல் ஆளுக எண்ணெயில எரிஞ்சுக்கிட்டே தண்ணியில கெடந்தாக, மொதலாளி. கையத் தூக்கிக் கூப்பிட்டாக. நாங்க நிக்காம வந்துட்டோம். அதைப் பிள்ளைக வெளாடவா விக்கப் போறீக? எம் படத்தை எடுத்துருங்க" என்றார் அப்பா.

"ஆர்டர் வாங்கியாச்சு, அண்ணாச்சி. லேபிள் அம்புட்டும் அடிச்சாச்சு. செத்தது நம்ம ஆளா என்ன?" என்று முதலாளி சிரித்தார்.

அப்பா ஒதுங்கிப் போய் வாந்தி எடுத்தார். மறுநாளே அப்பா வேலையை விட்டுவிட்டார்.

செய்தி கம்பெனிக்குள் பரவியது. லேபிள் ஒட்டும் பெண்கள், "அவுக வேண்டாம்னு சொன்ன படத்தை நாங்க ஒட்ட மாட்டோம்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சீசன் நெருக்கத்தில் வேறு ஆள் கிடைக்காமல், முதலாளி அப்பாவின் படமில்லாத லேபிளை அடித்து வரவழைத்தார். படகு என்னவோ அமோகமாக விற்றது. தீபாவளியன்று எங்கள் தெருவிலும் தொட்டித் தண்ணீரில் விட்டுக் கொளுத்தினார்கள். அன்று அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார், சாப்பிடவில்லை.

நுரையீரல் நோயால் விருதுநகர் மருத்துவமனையில் அப்பா கிடந்த நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதிவரை துணைநின்ற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த லேபிளை ஒட்ட மறுத்த பெண்களின் பெயர்களையும் இங்கே வரிசையாக அச்சிட ஆசைப்பட்டேன். அவர்கள் இன்னும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்கள். அதனால் அச்சிடவில்லை.