ஐஸ் மேல் ஓடிய மஞ்சள் கார்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் வியர்த்துவிடும். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். ஒரு லேப்டாப்பைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய ஒருவர் அதை என்னிடம் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டார். கேம் விளையாடவென்றே செய்தது, ஆனால் அந்த வகையில் இருப்பதிலேயே மலிவானது. கறுப்பு உடம்பு, ஓரத்தில் சிவப்புக் கோடு, செங்கல் கனம். பேட்டரி செத்துப்போயிருந்ததால் ஒயர் செருகியே இருக்க வேண்டும். மகளின் படிப்புக்கு என்று வீட்டில் சொன்னேன். மகள் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். யாரும் நம்பவில்லை.

அதில் ஒரு கார் ரேஸ் இருந்தது. விசைப்படகு ஓட்டுகிறவனுக்குக் கார் ஓட்டும் ஆசை இருக்கக்கூடாதா என்ன. கடலில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் படகு யோசித்துத்தான் திரும்பும். இங்கே பொத்தானைத் தொட்ட மாத்திரத்தில் கார் சீறியது. முதல் நாள் சிரித்துச் சிரித்து எனக்குக் கன்னம் வலித்தது. யாரோடும் பேசாமல் இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஏப்ரலில் மீன்பிடித் தடை வந்தது. ஒன்றரை மாதம் கடலுக்குப் போக முடியாது. என் மனைவியின் தம்பி, எங்கள் படகில் பாதிப் பங்குக்காரன், தினமும் காலையில் டீ குடித்த கையோடு எண்ணூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். மாறி மாறி ஓட்டுவோம். அவன் ஒரு வார்த்தைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவன். காரை மோதிவிட்டு ரோட்டைத் திட்டுவான்.

தடைக்காலத்தில்தான் படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். காசிமேடு துறைமுகத்தில் நிற்கும் எங்கள் படகு எப்போதும் நீலம், ஏனென்றால் மச்சானுக்கு நீலம் பிடிக்கும். எனக்கு மஞ்சள் அடிக்க வேண்டும் என்று நாலு வருட ஆசை. ஒவ்வொரு வருடமும் சொல்ல வாயெடுப்பேன். அதற்குள் அவன் நீல டின்னைத் திறந்துவிடுவான்.

அந்த வருடம், எப்படியோ, இந்த முறை கலரை ரேஸில் தீர்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டேன். என்ன கலர் என்று மட்டும் சொல்லவில்லை. மச்சானுக்கு ஒரே குஷி. ஆளுக்கு ஐந்து சுற்று, குறைந்த நேரம் எடுத்தவன் சொல்லும் கலர்.

ஆனால் லேப்டாப் மூன்றாவது சுற்றிலேயே சூடாகி அணைந்துவிடும். அனல் மின் நிலையத்துச் சாம்பல் எங்கள் பக்கம் சோற்றுப் பானையையே விடாது, லேப்டாப்பின் விசிறியை விடுமா. எதைச் செய்தும் சூடு குறையவில்லை. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மச்சான் ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை உடைத்த ஐஸ் கொண்டுவந்தான். என் மனைவி துறைமுகத்திலிருந்து மீன் எடுத்துப்போய் விற்கும் அலுமினியக் கூடையில் அதைக் கொட்டி, மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் லேப்டாப். வஞ்சிர மீனைப் போல ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

மச்சான் முதலில் ஓட்டினான். ஐந்து சுற்றும் அணையாமல் ஓடியது. குறைந்த நேரத்தில் முடித்துவிட்டு என் மனைவியிடம் காலரைத் தூக்கிக் காட்டினான்.

பிறகு நான். எப்போதும் எடுக்கும் மஞ்சள் காரையே எடுத்தேன். நாலு சுற்று முடிந்தபோது அவனைவிட முன்னால் இருந்தேன். அவன் பேச்சையே நிறுத்திவிட்டான். கடைசிச் சுற்றில் ஒரு பக்கம் ஐஸ் உருகி, பலகை மெல்ல இடப்புறம் சரிந்தது. வேறு யாராக இருந்தாலும் கையை நீட்டிப் பிடித்திருப்பார்கள். நான், படகு சாய்ந்தால் செய்கிற மாதிரி, உடம்பை வலப்புறம் சாய்த்துக்கொண்டு காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். மச்சானும் பக்கத்தில் வலப்புறமே சாய்ந்திருந்தான். என் மனைவிதான் பாய்ந்து லேப்டாப்பைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் ஒயர் பிடுங்கிக்கொண்டது. திரை கறுத்தது.

ஆட்டம் செல்லாது என்றான் மச்சான். நான் தலையாட்டிவிட்டு எழுந்தேன். மனைவி லேப்டாப்பை இடுப்பில் இடுக்கியபடி வழியை மறித்தாள்.

"இன்னா கலரு வோணும் உனக்கு? வாயத் தொறந்து சொல்லேன்யா."

"மஞ்சள்."

"ஏன்?"

காது சுட்டது. இருந்தாலும் சொன்னேன். "காசிமேட்டுல அத்தினி போட்டும் நீலமா கீது. கூடைய தூக்கிகினு நீ ஒண்ணொண்ணா தேடிகினு வர்ற. மஞ்சளா இருந்தா தூரத்துலேர்ந்தே தெரியும்."

அவள் லேப்டாப்பைத் திருப்பி முந்தானையால் அதன் அடிப்பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு கூடையைப் பார்த்தான்.

"இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா மாமா? ஒரு மூட்ட ஐஸு வேஸ்ட்டு."

மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் கடைசியில் நிறுத்தினேன்.

மறுநாள் லேப்டாப் ஓடியது, இடது அம்புக்குறிப் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை. மதியம் மச்சானும் நானும் போய் நாலு டின் மஞ்சள் பெயின்ட் வாங்கிவந்தோம்.