காளியம்மா செக் பண்ணாத பீர்

காளியம்மா தம்ளரை எடுத்ததும் வாயருகே கொண்டுபோவதில்லை. சன்னலோரம் நகர்ந்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெல்லத் திருப்புவார். கட்டைவிரலால் நுரையின் ஓரத்தைத் தொட்டு, அது விரலோடு வருகிறதா உடைந்துபோகிறதா என்று பார்ப்பார். "காலர் நிக்குது" என்றால் நுரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் ஒரு வாய். அதையும் உடனே விழுங்காமல் இரண்டு கன்னத்துக்கும் அனுப்பிவிட்டு, கூரையைப் பார்த்தபடி நிற்பார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாங்கள் அப்போது நாற்காலியைக்கூட நகர்த்த மாட்டோம்.

பிறகு தீர்ப்பு வரும். கசப்பு நாக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் "நூல் தொங்குது". தண்ணீர்போல இருந்தால் "துணி மெல்லிசு". அடுத்த தடவை சரிசெய்துவிடலாம் என்று தோன்றினால் "ரீவொர்க்". எதற்கும் தேறாது என்றால் "ரிஜெக்ட்". இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. எதிரே இருப்பவர் வாரக்கணக்கில் காய்ச்சி, ஆறவைத்து, புளிக்கவைத்து, அடைத்துக் கொண்டுவந்தவராயிற்றே என்ற தயக்கமும் இருக்காது.

யாங்கோன் நகரின் ஓரத்தில் உள்ள லைங் தாயாவில், குளிர்தேசங்களுக்கு ஜாக்கெட் தைத்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையின் கடைசிச் சோதனை மேசை அவருடையது. அவர் கை பட்ட பிறகுதான் துணி பெட்டிக்குள் போகும். அங்கே அவர் மா தீரி. பள்ளியில் சேர்க்கும்போது வைத்த பர்மியப் பெயர். நகருக்குள் பசுந்தாங்கில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மட்டும் காளியம்மா. கீழே தெருவைப் பார்த்தபடி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு அக்கா. கம்பெனி பஸ்ஸுக்கு இந்த ஊரில் ஃபெரி என்று பெயர். விடியும்முன் அந்த ஃபெரி தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது அக்கா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருப்பார்.

கணவர் கணேஷ்குமார் கப்பலில் சமையல்காரர். பீர் காய்ச்ச வேண்டிய ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவையும் மால்ட் என்னும் முளைகட்டிய பார்லியையும் ஏதாவது துறைமுகத்தில் வாங்கித் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு வருபவர் அவர்தான். பூ தீர்ந்துபோனால் காய்ச்சுவதும் நின்றுபோகும். ஒருமுறை அவருடைய கப்பல் வர மாதக்கணக்கில் தாமதமானது. அப்போது அக்கா வேப்பம்பூவைப் போட்டுப் பார்த்துவிட்டு, தன் பீரைத் தானே ரிஜெக்ட் செய்து வாளியோடு கொட்டினார்.

ஆடி மாதம் கோயிலில் கூழ் காய்ச்சுவதும் அவர்தான். ஒரு பெண்பிள்ளை இப்படி வீட்டில் பீர் காய்ச்சலாமா என்று கோயிலில் யாரோ கேட்டார்களாம். "அம்மனுக்குக் கூழ் காய்ச்சுறேன், வீட்ல பீர் காய்ச்சுறேன். ரெண்டுலயும் எது சரியில்லன்னு சொல்லுங்க" என்று பதில் சொன்னாராம். கேட்டவருக்குக் கூழைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பீரைக் குடித்துப் பார்த்ததாக ஒப்புக்கொள்ளவும் முடியாது.

எங்கள் கூட்டம் சின்னது. போட்டாதாங் படகுத்துறையில் சரக்குக் கணக்குப் பார்க்கும் அப்பாசாமி அண்ணன், மின்சாமான் கடை வைத்திருக்கும் கோ மின் தூ, காளியம்மா அக்கா. இந்த மூவரும் காய்ச்சுகிறவர்கள். நான் குடிக்க மட்டும். யாங்கோன் வெயிலுக்கும் மின்வெட்டுக்கும் நடுவே பீர் காய்ச்ச ஏற்ற காலம் என்றால் அது வருடக் கடைசியில் வரும் குளிர்தான். அதனால் ஒருவருக்கொருவர் போத்தல் மாற்றிக்கொள்வது கிறிஸ்துமஸ் அன்று அப்பாசாமி அண்ணன் வீட்டு மதியச் சாப்பாட்டோடு என்று ஆகிவிட்டது. அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். அவர் மனைவி சாந்தி அக்கா வைக்கும் வாத்துக்கறிக்காகவே நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன் என்று கோ மின் தூ சொல்வதை நான் மறுப்பதில்லை.

அப்பாசாமி அண்ணனின் பீர் வருடா வருடம் புளித்துப்போகும். நாங்கள் எல்லோரும் "வித்தியாசமா இருக்கு" என்போம். காளியம்மா மட்டும் ரிஜெக்ட் என்பார். அண்ணன் தலையாட்டிக்கொண்டே, "அடுத்த வருசம் பாரு தங்கச்சி" என்பார்.

போன டிசம்பரில் தொழிற்சாலையில் அவசர ஏற்றுமதி. ஞாயிறுகூட ஓவர்டைம். அக்காவின் பீர் நீல நிறத் தண்ணீர்க் கேனுக்குள் இன்னும் லேசாகக் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. அது முழுக்க அடங்கிய பிறகுதான் போத்தலில் அடைக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் வேறு நேரம் கிடைக்காது என்று கணக்குப் போட்டு, ஒருநாள் வேலைக்குப் போகும்முன் பனைவெல்லப் பாகைக் கலந்து அவசரமாக அடைத்து, மூடி போட்டு, கட்டிலுக்கடியில் அடுக்கிவிட்டார். அதன்பின் அந்த வாரம் குளிரும் இல்லாமல் போயிற்று.

முதல் போத்தல் வெடித்தபோது நான் கடையில் ஒருவருக்கு அடையாள அட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் சில வருடங்களாகக் குண்டுகள் வெடிக்கின்றன; இப்படி ஒரு சத்தம் கேட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எதிர்ச்சாரியில் ஷட்டர்கள் இறங்கின. தேநீர்க்கடை முக்காலிகள் ஆளில்லாமல் நின்றன. அட்டைக்காரர் நகலை வாங்காமலே போய்விட்டார். இரண்டாவது வெடித்தபோது சத்தம் எங்கள் கட்டடத்துக்குள்ளிருந்து வருகிறது என்று புரிந்தது. மூன்றாவது வெடித்தபோது மாடிப்படியில் பீர் வாசனை வந்தது. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் அதற்குள் வார்டு தலைவர் இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார். ஓர் ஆள் கையில் கடப்பாரை. மூன்றாம் மாடிக் கதவில் பூட்டு. என்ன சத்தம் என்று அவர் படியில் நின்றபடி கேட்டார். கட்டடமே அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தது. யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் தப்பு. முதல் மாடி பரீதா பிரஷர் குக்கர் என்றார். மேல்மாடிக்காரர் கிறிஸ்துமஸ் பட்டாசு என்றார். நான் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் என்றேன். வார்டு தலைவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடச் சொன்னார்.

போன் போட்டேன். டாக்சி பிடித்து, கழுத்தில் தொழிற்சாலை அட்டை ஆட, அக்கா வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. வரும்போதே என்ன பொய் சொல்லிவைத்திருக்கிறோம் என்று தமிழில் அவசரமாகச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நேரே வார்டு தலைவர் எதிரே போய் நின்று, பர்மியத்தில், "பீர், ஸயா. நான் காய்ச்சினது. செக் பண்ணாம அடைச்சிட்டேன். தப்பு என்னோடது" என்றார்.

அவர் சொல்லி முடிக்கும்போது உள்ளே இன்னொன்று வெடித்தது. வார்டு தலைவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கதவிடுக்கு வழியாகப் பழுப்பு நுரை மெல்ல வெளியே வந்து, முதல் படியில் வழிந்தது. கடப்பாரைக்காரர் குனிந்து அதில் விரல் வைக்கப் போனார். தலைவர் அவரை முறைத்தார். அப்புறம், இது எதுவும் சாயங்காலத்துக்குப் பிறகு இந்தக் கட்டடத்தில் இருக்கக்கூடாது, இன்னொரு சத்தம் கேட்டால் வந்து கேட்பது தான் இல்லை, பட்டாளமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். இறங்கும்போது எங்கள் மூவரிடமும், அடுத்த முறையாவது ஒரே பொய்யாகச் சொல்லுங்கள் என்றார்.

மிச்சமிருந்த போத்தல்களின் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். எதுவும் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். நாங்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். தையல் பிசகி ரிஜெக்ட் ஆனதால் தொழிற்சாலையில் சல்லிசாகக் கிடைத்த பனிக்கால ஜாக்கெட் ஒன்று அவரிடம் இருந்தது. முழங்கால்வரை நீளும், உள்ளே பஞ்சு அடைத்தது. யாங்கோனில் யாரும் வாழ்நாளில் போடத் தேவையில்லாதது. அதை மாட்டிக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டு, ஒரு கையில் பிரியாணித் தேக்ஸா மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, கட்டிலுக்கடியில் குனிந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பால்கனிக்குக் கொண்டுபோய், மூடிக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு திறந்தார். நுரை எதிர்வீட்டுக் கொடிவரை பீய்ச்சியது. இறங்கியிருந்த ஷட்டர்கள் ஒன்றொன்றாக மேலேறின. தேநீர்க்கடை முக்காலிகள் நிறைந்தன. ஒவ்வொரு பீய்ச்சலுக்கும் தெருவே கை தட்டியது. அக்கா ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வேர்வையில் முகம் பளபளத்தது.

திறந்த பீரையெல்லாம் பழைய தண்ணீர்க் கேனில் ஊற்றி முடித்தபின் ஜாக்கெட்டைக் கழற்றாமலே இரண்டாம் மாடிக்கு இறங்கினார். நேர் கீழே இருப்பவர் டோ டின் மே, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தனியாள். கட்டடம் முழுக்கப் படியில் கூடியிருந்தபோதும் அவர் மட்டும் வெளியே வரவில்லை. நான் அப்போதுதான் அதைக் கவனித்து, அக்காவின் பின்னால் போனேன்.

அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் தரையில் உட்கார்ந்திருந்தார். முதல் சத்தத்தில் படுத்தவர். பீர்தான் என்று பரீதா வந்து சொன்ன பிறகும் கால் எழுந்திருக்க மாட்டேன் என்றதாம். அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஜாக்கெட்டின் ஜிப்பைக் கீழே இழுத்தார், மறுபடி மேலே ஏற்றினார். எதிராளி முகம் வாடும் என்று எந்த வார்த்தையையும் நிறுத்தாதவர் அப்படி உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டோ டின் மேதான் முதலில் பேசினார். "நல்லா வந்திருந்துச்சா, தமீ?" என்றார். தமீ என்றால் மகளே.

"தெரியல ஆண்ட்டி. இன்னும் குடிச்சுப் பாக்கல."

"இவ்வளவு பயமுறுத்திட்டுக் குடிச்சும் பாக்கலயா?"

இருவரும் சிரித்தார்கள். டோ டின் மேக்குச் சிரிப்பு நிற்கவில்லை, நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனிமேல் வெடிக்குமா என்று பிறகு கேட்டார். வெடிக்காது என்று அக்கா வாக்குக் கொடுக்கவில்லை. இனி இந்தக் கட்டடத்தில் காய்ச்ச மாட்டேன் என்றார். கைகொடுத்துத் தூக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போனார்.

வெயில் சாயும்முன் சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றில் கேனையும் போத்தல்களையும் ஏற்றிக்கொண்டு போட்டாதாங் போனோம். சைக்காக்காரர் ஓட்ட, அக்கா கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார, நான் பின்னால் நடந்தேன். விஷயத்தைக் கேட்ட அப்பாசாமி அண்ணன் ஒரு கேள்வியும் கேட்காமல் பின்கட்டில் இருந்த பழைய சாமானை ஒதுக்கி இடம் செய்தார்.

கிறிஸ்துமஸ் மதியம் மேசையில் கோ மின் தூவின் போத்தல்களும் அண்ணனின் போத்தல்களும் இருந்தன. அக்கா தன் பீரை ஒரு கண்ணாடிக் கூஜாவில் ஊற்றிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். காற்றுப் போன பீர். நுரை பெயருக்குக்கூட இல்லை, ஆறிய தேநீர்போல இருந்தது. இதை இன்று வைக்க வேண்டாமே என்று சாந்தி அக்கா மெதுவாகச் சொன்னார். "வரவேண்டிய பீஸ் மேசைக்கு வரணும்க்கா" என்று சொல்லிக் காளியம்மா எல்லோருக்கும் ஊற்றினார்.

அண்ணன் தம்ளரை எடுத்தார். அத்தனை வருட ரிஜெக்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. சாந்தி அக்காவுக்கும் தோன்றியிருக்க வேண்டும், கணவரின் முழங்கையைத் தொட்டார். அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"தையல் நல்லா இருக்கு தங்கச்சி" என்றார். "இஸ்திரி போடல, அவ்வளவுதான்."

காளியம்மா தலையை ஆட்டினார். "இஸ்திரி இல்லாம பெட்டிக்குள்ள போகாது அண்ணே. ரிஜெக்ட்."

"ரீவொர்க்" என்றார் அண்ணன். "இனிமே என் பின்கட்டுலயே வெச்சுப் பண்ணு."

அக்கா அண்ணனின் போத்தலைத் திறந்து தனக்கு ஊற்றிக்கொண்டார். சன்னலோரம் போனார். வெளிச்சத்தில் பிடித்தார். கூரையைப் பார்த்தார். பின்கட்டைக் கொடுத்தவர், பழி தீர்க்காதவர், பண்டிகை நாள், அவர் வீட்டுச் சோறு. நாங்கள் எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்த வருசமும் ரிஜெக்ட்தான் அண்ணே" என்றார்.

முதலில் சிரித்தவர் அப்பாசாமி அண்ணன்தான். கோ மின் தூ மேசையைத் தட்டினார். சாந்தி அக்கா வாத்துக்கறிக் கரண்டியோடு திரும்பி நின்று சிரித்தார். கூஜாவிலிருந்த காற்றுப் போன பீர் கறிக்கு நன்றாகவே ஒத்துப்போனது. போத்தலில் இருந்ததைவிட அதுதான் முதலில் தீர்ந்தது.

பீர் அடைக்கத் தோதான கனமான போத்தல் இங்கே எளிதில் கிடைக்காது. விருந்து முடிந்ததும் அவரவர் காலிப் போத்தலை அவரவர் எடுத்துப்போவது வழக்கம். வெடிக்காமல் தப்பிய அக்காவின் போத்தல்கள் அந்தக் கேனோடு வந்து அண்ணன் வீட்டிலேயே இருந்தன. அவற்றைக் கழுவி ஊறவைக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். பையை நான் தூக்கிக்கொண்டேன். கட்டடத்துக்குத் திரும்பியபோது பிற்பகல் உறக்கத்தில் மாடிப்படி அமைதியாக இருந்தது. முதல் மாடி தாண்டியதும் பைக்குள் இரண்டு போத்தல் உரசி ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான். அக்கா நின்றார். என்னிடமிருந்து பையை வாங்கிப் படியில் வைத்து, தோளில் கிடந்த சால்வையை உருவி, போத்தல்களுக்கு இடையிடையே மடித்துச் செருகினார். பையை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, டோ டின் மேயின் கதவுக்கு முன்னால் வெறுங்காலோடு, ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.