செகண்ட் ஷிப்ட்டுக்கு லேட்டாக வந்த கார்

எங்கள் காருக்குக் கிளட்ச் கிடையாது. அதனால்தான் அது எங்கள் காரானது. நெய்வேலி நிலக்கரிச் சுரங்க நகரியத்தில் ஓர் அதிகாரி ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பும்போது அதை விற்கப் பார்த்தார். கியர் தானாக மாறுகிற காரை அப்போது எங்கள் பக்கத்தில் யாரும் தொடமாட்டார்கள். ரிப்பேர் வந்தால் பார்க்க ஆளில்லை, பெட்ரோல் குடிக்கும் என்றார்கள். ஓட்டுகிறவனுக்கு ஒரு கை சும்மா கிடக்கும் என்பதைக்கூட ஒரு குறையாகச் சொன்னார்கள். அம்மாவுக்கு இடது கால் சிறுவயதிலேயே போலியோவில் சூம்பிவிட்டது. கிளட்சை மிதிக்கிற கால் அது. ஊரே வேண்டாம் என்று தள்ளிய கார் அவளிடம் வந்து சேர்ந்தது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரி உடைக்கிற வீடுகளில் அம்மா பருப்பு வாங்குவாள். நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் எங்கள் வீட்டில் வைத்துப் பாக்கெட் போட்டு, நகரியத்தில் பிளாக் பிளாக்காகப் போய்க் கொடுப்பாள். கார் வருவதற்கு முன்பு இதையே பஸ்ஸில் செய்தாள். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் பை. டிரைவர் நிறுத்தாமல் போய்விட்டால் பருப்பு வீட்டுக்கே திரும்பி வரும். கார் வந்த பிறகு ஊன்றுகோல் பின் சீட்டில் படுத்துக்கொண்டு வந்தது. அம்மா உட்கார்ந்திருக்கும்போது அவளைப் பார்க்கிறவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. வழி கேட்கிறவர்கள்கூட அவளிடம் கேட்டார்கள்.

நான் நான்காவது படிக்கும்போது அந்தக் கார் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. கிளம்பும்போது ஒழுங்காகத்தான் கிளம்பும். இரண்டாவது கியருக்கு மாறவேண்டிய இடத்தில் மாறாது. இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி வேகம் எடுக்காது. அப்புறம் பின்னாலிருந்து மாடு முட்டியது போல ஒரு குலுக்கலோடு மாறும். வடக்குத்து ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக்கிடம் அம்மா வண்டியைக் கொண்டுபோனாள். அவர் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார்.

"ஷிப்ட் லேட்டா ஆவுதுங்க. செகண்ட் ஷிப்ட்" என்றார்.

"நெய்வேலி வண்டியாச்சே, செகண்ட் ஷிப்ட்டுக்கு லேட்டாத்தான் வரும்" என்றாள் அம்மா.

கியர் மாறுவதைத்தான் அவர் ஷிப்ட் என்று சொன்னார். எங்கள் ஊரில் ஷிப்ட் என்றால் ஒன்றுதான்: சுரங்கத்தில் ஆள் மாறி ஆள் போகிற வேலை நேரம். அம்மா வேடிக்கையாகச் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். காருக்குள் மூன்று பேர் முறை வைத்து வேலை பார்க்கிறார்கள், நடுவில் வருகிறவன் தூங்குமூஞ்சி என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்.

மெக்கானிக் கியர் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியை உருவி விரலில் தேய்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுத்திருந்தது. அம்மா மோந்து பார்த்து, "முந்திரி தீஞ்ச மாதிரி இருக்கு" என்றாள்.

"ரெண்டு வழி இருக்குங்கம்மா. கடலூர்ல பெரிய ஒர்க்‌ஷாப்ல இதுக்குன்னு மெஷின் வச்சிருக்கான். மொத்த ஆயிலையும் தள்ளி வெளியேத்திட்டு புதுசு ஏத்துவான். பிளஷ்ஷுன்னு சொல்வாங்க. இல்லன்னா நானே கீழ போல்ட்ட கழட்டி, வர்ற வரைக்கும் எறக்கிட்டு, எறக்குன அளவுக்குப் புதுசு ஊத்தறேன். ஆனா பாதிதான் வரும். பாதி உள்ளயே நின்னுக்கும்."

"எது நல்லதுங்க?"

"சொல்ல முடியாதும்மா. அந்த அழுக்கப் புடிச்சிக்கினுதான் உள்ள பிளேட்டுங்க ஓடுதோ என்னவோ. மொத்தமா கழுவி வுட்டா வண்டி புதுசா ஆனாலும் ஆவும், நின்னாலும் நின்னுடும். நான் ரெண்டையும் பாத்துருக்கேன்."

பிளஷ் என்ற சொல் எனக்குத் தெரியும். குவார்ட்டர்ஸில் இருந்த தோழி வீட்டுக் கழிவறையில் சங்கிலியை இழுத்தால் மேலிருந்து தண்ணீர் ஹோவென்று கொட்டும். அதற்காகவே அவள் வீட்டுக்குப் போனால் தேவையில்லாமல் உள்ளே போய்வருவேன். எங்கள் வீட்டில் வாளிதான். காரில் அந்தச் சங்கிலி எங்கே இருக்கிறது என்று அன்று சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தேடினேன். ஒரு பழைய முந்திரிப் பருப்பு கிடைத்தது. தின்றுவிட்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். கரி ஓடுகிற கன்வேயர்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது அவர் வேலை. எந்த அழுக்கும் ஹோஸ் பைப்பின் முன்னால் நிற்காது என்பது அவர் கட்சி. எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலைக் கழுவுவார், வண்டியைக் கழுவுவார், எதிரில் வந்தால் என்னையும் கழுவிவிடுவார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"பிளஷ்ஷுதான். பாதிய மாத்தி என்னா பிரயோசனம்க்கா? பாதி ஒடம்புக்குக் குளிப்பியா நீ?"

அப்போதே கடலூருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தார். அந்தப் பக்கத்து ஆள் வெகுநேரம் பேசினான். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கழுவுன பிறகு ஓடலன்னா?"

ஸ்பீக்கரில் பதில் தெளிவாகவே கேட்டது. "அப்டி ஆச்சுன்னா உங்க கியர்பாக்ஸ் முன்னாடியே போயிருந்துச்சுன்னு அர்த்தம் மேடம்."

அம்மா போனை மாமாவிடம் நீட்டினாள். "பொழச்சா அவன் சாமர்த்தியம். செத்தா வண்டியோட தலையெழுத்து. நல்லா இருக்குடா."

"போனா போவுதுக்கா. வண்டிய எடைக்குப் போட்டுட்டு எங்க வூட்டோட வந்துடு. ஒக்காந்து சாப்புடு. உன்ன யாரு இந்தக் காலோட அலையச் சொன்னா?"

மாமா மனதாரத்தான் சொன்னார். அவர் வீட்டில் பெரிய டிவி இருந்தது, கூடத்தில் ஊஞ்சல் இருந்தது, கேட்டால் அத்தை அப்பளம் பொரித்துத் தருவாள். உட்கார்ந்து சாப்பிடுவதைவிட நல்ல வாழ்க்கை இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்றும் தெரியவில்லை. அவள் எழுந்து தட்டு வைத்து, சோறு போட்டு, "நீ ஒக்காந்து சாப்புடு" என்றாள். அன்று மாமா இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை.

ஆனாலும் அவர் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலூரில் சொல்லிவைத்துவிட்டு வந்து நின்றார். தானே ஓட்டுவதாகச் சொல்லிச் சாவியைக் கேட்டார். அம்மா ஏன் கொடுத்தாள் என்று தெரியாது. முந்தின நாள் முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் கார் இரண்டு தடவை கத்திக்கொண்டு நகராமல் நின்றது. அவளுக்கே பயம் வந்திருக்கலாம். போகிற வழியில் நகரியத்தில் ஒரு வீட்டுக்குப் பருப்பு கொடுக்க வேண்டியிருந்தது. பாக்கெட் போட நேரமில்லாமல், மூடி சரியாகப் பொருந்தாத ஒரு எவர்சில்வர் தூக்கில் அதைப் போட்டு, பின் சீட்டில் என் மடியில் வைத்தாள்.

மாமா வேறு வண்டிகள் ஓட்டுவார். நன்றாகவே ஓட்டுவார். கஷ்டம் அதில்தான் இருந்தது. நகரியத்து ரவுண்டானா பக்கத்தில் வேகத்தைக் குறைக்க நினைத்ததும் அவருடைய இடது கால் தன்பாட்டுக்குக் கிளட்சைத் தேடிப் போய், முழு பலத்தோடு மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. தூக்கு என் மடியிலிருந்து பறந்து மாமாவின் பிடரியில் போய் மோதியது. பருப்பு கார் முழுக்கக் கொட்டியது. பின்னால் வந்த ஷிப்ட் பஸ் எங்களை ஒட்டிவந்து நின்றது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, நிதானமாகக் கேட்டார்.

"வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியாப்பா?"

பஸ்ஸிலிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா சட்டைக் காலருக்குள்ளிருந்து ஒரு பருப்பை எடுத்தார். "பழக்கம்க்கா. கால் தானா போயிடுது."

"உனக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு, அதான் தொந்தரவு. எறங்கு."

அம்மா இறங்கினாள். ஊன்றுகோலைக் கேட்கவில்லை. பானெட்டில் கை ஊன்றி, வண்டியைச் சுற்றிக்கொண்டு, ஒரு பஸ் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க மெதுவாக நடந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவர்களில் யாரும் அப்போது ஹாரன் அடிக்கவோ சிரிக்கவோ இல்லை. ரவுண்டானாவில் வண்டியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியிலேயே திருப்பினாள்.

"அக்கா, கடலூரு அந்தப் பக்கம்."

"தெரியும். பாதி பாதியா மாத்திக்கறேன். ஓடறதும் நிக்கறதும் என் கண்ணு முன்னால நடக்கட்டும்."

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் போல்ட்டைக் கழற்றினார். பிளாஸ்டிக் தொட்டியில் ஆயில் வரக்காப்பி மாதிரி இறங்கியது. இறங்கியதை அம்மா பால் ஊற்றுகிற படியால் அளந்தாள், அதே அளவு புதிய ஆயிலை ஊற்றச் சொன்னாள். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மீதி?"

"உள்ளயே கெடக்கும். எறங்காது" என்றார் மெக்கானிக்.

"அப்ப அது பர்மனென்ட்டு. வெளிய வந்ததுதான் நம்மள மாதிரி கான்ட்ராக்ட்டு" என்றார் மாமா. தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிடரியைத் தடவிக்கொண்டிருந்ததால் அது அவ்வளவு நன்றாக இல்லை.

"புதுசு கலந்துக்கினே இருந்தா பர்மனென்ட்டும் ஒரு நாளு ரிட்டையர்ட் ஆவும்" என்றாள் அம்மா.

புதியதும் பழையதும் கலக்க வேண்டுமென்றால் வண்டி ஓட வேண்டும். கியர்கள் எல்லாம் ஏறி இறங்கிப் பழக வேண்டும். அப்புறம் மறுபடி இறக்கி, மறுபடி ஊற்ற வேண்டும். பருப்பு வேலை முடிந்த சாயங்காலங்களில் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நகரியத்துக்குள் சுற்றினாள். நேர் ரோடுகள், இரண்டு பக்கமும் மரங்கள், ஒரே மாதிரி வீடுகள், பிளாக் எண் எழுதிய பலகைகள். யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம், எங்கும் இறங்க வேண்டாம். ஆளில்லாத பஸ் ஸ்டாப்பில் எல்லாம் நிறுத்துவாள், உடனே கிளப்புவாள். அவள் எனக்காகப் பஸ் விளையாட்டு விளையாடுகிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் விசில் அடித்தேன், டிக்கெட் கொடுத்தேன். எங்கேயும் போகாமல் போய்க்கொண்டே இருப்பது எவ்வளவு இன்பம் என்று எனக்குத் தெரிந்தது அந்த நாட்களில்தான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இன்றுவரை ஓசூர், கோவா, நாக்பூர் என்று ஏதாவது ஒரு வேனை ஓட்டிக்கொண்டு திரிகிறேன். ஏன் ஓரிடத்தில் இருக்கமாட்டேன் என்கிறாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் அந்தச் சாயங்காலங்களைத் தவிர வேறு பதில் இல்லை.

அதில் ஒரே ஒரு குறை இருந்தது. பள்ளியில் ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டுக்கு என்னைச் சேர்த்திருந்தார்கள். சுற்றும்போது அதைப் பாடிப் பார்க்கத் தொடங்கினேன். முதல் வரி முடிவதற்குள் அம்மா, "வாய மூடு பாப்பா" என்றாள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டாள். நல்ல வெயில் காலம், உள்ளே புழுங்கியது. அவள் தலையைக் கொஞ்சம் இன்ஜின் பக்கமாகச் சாய்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பாடினேன். "பாடாதடீன்னு சொன்னேன் இல்ல?" என்றாள். அதோடு டிக்கெட் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். என் குரல் அவ்வளவு மோசம் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. மறுநாள் டீச்சரிடம் போய், பாட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

இரண்டாம் தடவை இறங்கிய ஆயில் டீ டிகாஷன் மாதிரி இருந்தது. கார் இன்னும் தயங்கியது, ஆனால் முட்டவில்லை. மூன்றாம் தடவை இறங்கியது நன்னாரி சர்பத் நிறத்தில் இருந்தது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல நம்ம கையில இல்லம்மா" என்றார். அன்றும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சுற்றினோம். ஸ்டாப்பில் நின்றோம், கிளம்பினோம். நின்றோம், கிளம்பினோம். இரண்டாவது கியர் மாறியது எனக்குத் தெரியவே இல்லை. அம்மா இன்னொரு ஸ்டாப்பில் நிறுத்திப் பார்த்தாள். அதற்கடுத்த ஸ்டாப்பிலும் நிறுத்தினாள்.

பிறகு ஒரு மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தூக்கம் வருகிறது என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. அது தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொண்டேன். நான்கு கண்ணாடிகளையும் இறக்கினாள். காற்று உள்ளே வந்தது.

"இப்பப் பாடு பாப்பா" என்றாள்.

நான் பாடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். அப்புறம் வண்டியைக் கிளப்பி, என் பாட்டின் முதல் வரியைத் தானே பாடினாள். அந்த ஒரு வரிக்கு மேல் அவளுக்குத் தெரியாது. வடக்குத்து வரும்வரை அதையே திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டு வந்தாள். பாடத் தெரியாதவள்தான் என்னைப் பாடவிடாமல் செய்தாள் என்று அன்று ராத்திரி எனக்கு ஒரே கோபம்.