ஐஸ் ஏற்றிய பிறகு வாங்கோ

வத்தளையில் மகள் வீட்டில் காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மச்சான் ஜோசப் தொலைபேசியில் அழைத்தான். "ஸ்டெல்லா அக்கா நித்திரையிலேயே போயிட்டா" என்றான். பிறகு அவனே, "எனக்குப் பெரிய இஞ்சின் தரமாட்டன் எண்டு நிண்ட மனிசி" என்றான். நான் சிரித்துவிட்டேன். மகள் திரும்பிப் பார்த்தாள்.

கொட்டாஞ்சேனையில் படகு இஞ்சினும் கியர்பெட்டியும் விற்ற அக்காவின் கடை உங்களில் பலருக்குத் தெரியும். வெறும் படகைப் பார்த்து அவர் கியர் விற்கமாட்டார். ஐஸ், தண்ணீர், டீசல், வலை எல்லாம் ஏற்றிய படகு எவ்வளவு தாழ்கிறது என்று முகத்துவாரத் துறைமுகத்துக்கு வந்து தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகவே கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

நானும் ஜோசப்பும் கூட்டாக வாங்கிய படகு, முன்பு ஆட்களை ஏற்றிக் கரையோரம் சுற்றிக் காட்டிய படகு. வெறுமனே ஓட்டினால் பறக்கும். ஐஸ் ஏற்றினால் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு ஊரும். இரண்டு குடும்பத்துச் சோறும் அதில்தான் இருந்தது. பெரிய இஞ்சின் போட்டால் சரிவரும் என்று ஜோசப் பிடிவாதமாக நின்றான். அக்கா பார்க்க வந்த அன்று, துறைமுகத்தில் எல்லாரும் பார்க்கப் புகை விட வெட்கப்பட்டு, வெறும் படகையே ஓட்டிக் காட்டினான்.

"என்ன தம்பி, மீன் புடிக்கப் போறீங்களா, மாப்பிள்ள ஊர்வலம் போறீங்களா? ஐஸ ஏத்திட்டு வாங்கோ."

ஏற்றினோம். புகைத்தது. அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இஞ்சின்ல பிழையில்ல. அதுக்கு மூச்சு முட்டுது. கியரத்தான் மாத்தோணும்."

எனக்கு எழுத வாசிக்க வராது. அவரும் கடையில் எந்த இலக்கத்தையும் காட்டவில்லை. கியர்பெட்டியின் இரண்டு பக்கமும் சோக்கால் கோடு இழுத்து, இஞ்சின் பக்கத்தைக் கையால் சுற்றச் சொன்னார். எங்கள் படகில் இருந்த மாதிரிக் கியரில் நான் இரண்டு சுற்றுச் சுற்ற, புரொப்பெல்லர் பக்கம் ஒரு சுற்று வந்தது. அவர் தர நினைத்த மற்றக் கியரில் மூன்று சுற்றினால்தான் ஒன்று.

"இது ஆறுதலா, மெதுவாச் சுத்தும். அதால பெரிய புரொப்பெல்லரப் போட்டுப் பாரத்தத் தள்ளலாம். வெறும் போட்டில ஓட்டம் குறையும், அதையும் இப்பவே சொல்லிட்டன்."

"பக்கத்துப் போட்டுக்காரன் சிரிப்பான் அக்கா" என்றான் ஜோசப்.

"போகேக்க சிரிக்கட்டும். வரேக்க எங்க நிக்கிறான் எண்டு பாருங்கோ."

படகைக் கரையேற்றியபோது, பெரிய புரொப்பெல்லர் சுழல அடியில் இடமிருக்கிறதா என்று அவரே குனிந்து அளந்தார். அதற்குப் பிறகுதான் விற்றார்.

முதல் பயணம் புறப்படும்போது சிரித்தார்கள்தான். திரும்பும்போது ஐஸ் அறை நிறைய மீன், முகத்தில் அடிக்கிற எதிர்க்காற்று. இஞ்சின் புகையில்லாமல், சத்தம் மாறாமல் தள்ளிக்கொண்டு வந்தது. சிரித்தவனின் படகு எங்களுக்குப் பின்னால்தான் கரைக்கு வந்தது. மறுநாள் ஜோசப் நல்ல பாரையாகப் பார்த்துக் கடைக்குக் கொண்டுபோய் நீட்டினான்.

"மீன வச்சிட்டு, அந்தச் சிரிச்சவன இஞ்ச அனுப்பு தம்பி" என்றார் அக்கா.

அடக்கத்தன்று பெட்டியும் பூவும் ஆட்களுமாகப் பாரம் நிறைந்த வாகனம் கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் மெதுவாக, முக்காமல் ஏறியது. "கியர் சரி" என்று ஜோசப் என் காதில் சொன்னான்.

படகை இப்போது என் மகன் ஓட்டுகிறான், அதே கியரில். நான் வைத்திருப்பது அக்காவின் கேள்வியை. பேத்திக்குப் பேசிவந்த மாப்பிள்ளையின் கெட்டித்தனத்தைத் தரகர் அடுக்கியபோதும், "ஐஸ் ஏத்திப் பாத்தாச்சா?" என்றுதான் கேட்டேன். மகள் முறைத்தாள். ஜோசப்புக்கு மட்டும் விளங்கியது.