பாண்டியம்மாள் நடந்த தூரம்

வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாண்டியம்மாளின் தம்பி போனில் அழைத்தார். "அக்கா போயிருச்சு சார்" என்றார்.

திருச்சுழி தாலுகா அலுவலகத்தில் பாண்டியம்மாளுடன் வேலை பார்த்த உங்களுக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அறிந்தது மதுரையில் என்னிடம் சிகிச்சைக்கு வந்த பாண்டியம்மாளை மட்டும்தான்.

அலுவலகப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று வந்தார். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறது என்றேன். "அருப்புக்கோட்டையில கையில பட்டை கட்டிப் பாத்தாகளே, பிரஷர் சரியா இருக்குன்னாக?" அந்தப் பட்டையில் இது தெரியாது என்று விளக்கினேன். குழாயின் சுவர் அழற்சியால் தடித்து வழி குறுகுகிறது. ரத்தத்தைத் தள்ள இதயம் திணறுகிறது. வழக்கமான மாத்திரைகள் குழாயை விரித்துக் கொடுக்கும். அழற்சியைத் தூண்டும் சமிக்ஞையையே அடக்கும் புது மருந்து ஒன்றை அப்போது சோதித்துக்கொண்டிருந்தோம். பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது.

"பழைய மாத்திரைய நிப்பாட்ட மாட்டீகள்ல? அப்பச் சேத்துக்கங்க."

சில மாதங்களில், மருத்துவமனை நடைபாதையில் வைக்கும் நடைப் பரிசோதனையில் முன்பைவிட அதிக தூரம் நடந்தார். மருந்துதான் கிடைத்திருக்கிறது என்று எல்லோரும் நம்பினோம். சோதனை முடிந்து விவரம் வந்தபோது, அவருக்குக் கிடைத்தது வெறும் மாத்திரை என்று தெரிந்தது. தயங்கித்தான் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப அம்புட்டுத் தூரமும் நானாத்தான் நடந்தேனா சார்?"

அடுத்த கட்டத்தில், விரும்பியவர்களுக்கு உண்மையான மருந்தே தரப்பட்டது. அழற்சியை அடக்கினால் கிருமியை எதிர்க்கும் வலுவும் குறையலாம் என்று எச்சரித்தேன். "நடந்தது போதும்னு உக்கார முடியுமா? குடுங்க" என்றார்.

மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, அது நிமோனியாவாயிற்று. ஊருக்குப் பக்கத்து மருத்துவமனையிலேயே சேர்த்தார்கள். புது மருந்தை நிறுத்தினோம். ஏற்கெனவே களைத்திருந்த இதயம் தாங்கவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது தம்பி நேராகவே கேட்டார். "அந்தப் புது மருந்தாலயா சார்?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல."

"அடுத்து வர்றவுககிட்டயும் இப்படியே சொல்லிருங்க" என்றார்.

புது மருந்துச் சோதனைக்கு வருகிறவர்களிடம் அப்படியே சொல்கிறேன். வெறும் மாத்திரையோடு ஒருவர் நன்றாக நடந்தார், மருந்து தொடங்கிய பின் நோயுற்று இறந்தார், எது எதனால் என்று எனக்குத் தெரியாது என்கிறேன். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்களும் உண்டு. அவர்களைத் தடுப்பதில்லை. எதிரே இருப்பவர் எழுந்து போய்விடுவார் என்று தெரிந்தாலும், பாதியில் நிறுத்தாமல் முழுதையும் சொல்லி முடிப்பது: நடந்தது போதும் என்று உட்காராத பாண்டியம்மாளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.