இறால் மேல் விழுந்த பழி

கிளமெண்டியில் என் மருந்துக் கவுன்டருக்கு நேற்று வந்த கப்பல் பட்டறைத் தொழிலாளரிடம், அவர் சீட்டில் எழுதியிருந்த ஆன்டிபயாடிக் பெட்டியை எடுத்தபடி, அலர்ஜி உண்டா என்று கேட்டேன்.

“மருந்தெல்லாம் ஒத்துக்கும்க்கா. இறால் மட்டும்தான் சேராது, உடம்பெல்லாம் தடிச்சிடும்” என்றார்.

உடனே எங்கள் ஜாலான் புசார் வீட்டு இறால் சம்பல் வாசனை மூக்கில் ஏறியது. அப்போது எனக்கு எட்டு வயது. தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட வாரம் எனக்கும் அப்படித்தான் தடித்தது. அம்மா பழியைச் சம்பல் மேல் போட்டார். அன்றோடு வீட்டில் இறாலுக்குத் தடை. மிச்ச மாத்திரைகளோ பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தன.

அடுத்த தொண்டை வலிக்கு அதில் ஒன்றைக் கொடுத்தார். சற்று நேரத்தில் உதடு வீங்கி, குரல் அடைத்து, மூச்சு திணறியது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு கீழே இருந்த கிளினிக்குக்கு ஓடினார். டாக்டர் பார்த்ததுமே தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, ஆம்புலன்ஸை அழைக்கச் சொன்னார்.

“இன்னிக்கு இவ இறாலே சாப்பிடலையே டாக்டர்!” என்று அம்மா அழுதார்.

“இறால் இல்லம்மா, மாத்திரை லா” என்றார் அவர்.

நேற்று நான் அந்தத் தொழிலாளரை விடவில்லை. “இறால் சாப்பிட்டப்போ ஏதாவது மாத்திரை எடுத்தீங்களா தம்பி?”

என் கையிலிருந்த பெட்டியின் மேல் இருந்த மாத்திரைப் படத்தைக் காட்டினார். “ஆமாக்கா, பல்லு வலிக்கு. இதே மாதிரி சிவப்பும் மஞ்சளுமா இருந்துச்சு.”

பெட்டியை அலமாரியில் திரும்ப வைத்தேன். “இது வேணாம். டாக்டர்கிட்ட பேசி வேற வாங்கித் தரேன். இறாலை அப்புறம் விசாரிப்போம்.”