பத்து வருடத்துக்குள் ஒரு வாக்கியம்

அகராதிப் பதிப்பாசிரியரின் சிவப்புப் பேனா சொல் எழுதிய சீட்டின் மேல் இறங்கியது.

"அடிக்காதீங்க மேடம்."

"இந்தச் சொல் பத்து வருஷத்துக்குள்ள அச்சுல வந்த வாக்கியம் ஒண்ணு வேணும். இல்லைன்னா சுருக்கப் பதிப்புல இடமில்லை. இந்தச் சட்டத்தைப் போட்டதே நீங்கதானே, சீட்டுக்காரரே?"

உண்மைதான். இருபத்தாறு வருடமாக ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதி, அச்சில் வந்த வாக்கியத்தை வெட்டிச் சீட்டில் ஒட்டி, மரப்பெட்டியில் அடுக்குகிறவர் அவர். இந்தச் சீட்டில் இருந்த ஆங்கிலச் சொல் 'சம்' (chum). பெயர்ச்சொல், பேச்சு வழக்கு. பொருள்: நெருங்கிய கூட்டாளி. மூலம்: ஒரே அறையில் தங்குபவனைக் குறித்த பழைய தொடரின் குறுக்கமாக இருக்கலாம்.

"வீட்ல தினம் கேட்ட சொல் மேடம்."

"காதுல விழுந்ததெல்லாம் ஆதாரமான்னு எத்தனை பேரை விரட்டியிருக்கீங்க? சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க."

பத்தொன்பது வருடம் சீட்டுக்காரரோடு ஒரே அறையில் இருந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். இரண்டு கட்டில், ஒரு மேசை விசிறி. கையெல்லாம் கிரீஸ் என்பதால் கதவை முதுகால் தள்ளித்தான் உள்ளே வருவார். "என்ன சம், இன்னைக்கு எத்தனை வார்த்தையைக் கொன்னே?" அந்தச் சொல்லை எங்கே பிடித்தார் என்று கேட்டால், "லிஃப்டுக்குள்ள கிடந்துது" என்பார்.

போன மாதம் அவர் இறந்தார். தங்கை வந்து பெட்டியையும் கட்டிலையும் எடுத்துப்போனாள்.

"நீங்க அண்ணனுக்கு என்ன வேணும்?"

"ரூம்ல கூட இருந்தேம்மா."

வியாழக்கிழமை மதியம் சீட்டுக்காரர் ஆங்கிலப் பத்திரிகையின் விளம்பரக் கவுன்ட்டரில் நின்றார். மூன்று வரி இரங்கல். பெயர், இறந்த தேதி, பிறகு: பத்தொன்பது வருடம் என் சம்.

கவுன்ட்டர் பெண் பேனா முனையை அந்த இடத்தில் வைத்தாள். "இப்படி ஒரு வார்த்தை இருக்கா சார்?"

"நாளைக்குக் காலைல இருக்கும்மா."

"எழுத்துப் பிழைன்னு நினைச்சுக்கப் போறாங்க."

"மாத்தாம போடச் சொல்லு. அது ஒண்ணுதான்."

மறுநாள் ஆறாம் பக்கத்தில் விளம்பரம் வந்தது. பெயர் சரியாக இருந்தது, தேதியும். மூன்றாம் வரியில் அந்தச் சொல்லை யாரோ 'ஃப்ரெண்ட்' என்று திருத்தியிருந்தார்கள். சீட்டுக்காரர் அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பத்தரைக்குச் சீட்டைக் கொண்டுபோய்ப் பதிப்பாசிரியரின் மேசையில் வைத்தார். பதிப்பாசிரியர் அதன் மேல் கோடு போட்டார். மதியத்துக்குள் இன்னும் பதினொரு சொற்கள் நீங்கின.